ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை 1,500 ரூபாய்க்கு விற்காதீர்கள்

கேள்வி (சுருக்கமாக): அண்ணா, கோவையில் இருக்கிறேன், வயது 26. வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாகக் கார் போட்டோகிராபி மட்டும் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வரும் கார் ஓனர்களிடம் ஒரு ஷூட்டுக்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன், மாதம் பத்து ஷூட் வருகிறது. காரைச் சுத்தம் செய்து பளபளப்பாக்கித் தரும் ஒரு டீட்டெய்லிங் ஸ்டுடியோ மாதம் பத்து கார் தருகிறது, காருக்கு 800 ரூபாய். அது கட்டுப்படியாகவில்லை, விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு கார் டீலர், டெலிவரி படங்கள் எடுக்க மாதம் 12,000 தருகிறேன், தேவைப்படும்போது கூப்பிடுவோம் என்கிறார். ஒரு அலாய் வீல் கம்பெனி 12 படம் கேட்டு, "உங்க ரேட் சொல்லுங்க" என்று மெயில் போட்டிருக்கிறது. மார்க்கெட் ரேட் என்னவென்றே தெரியவில்லை. யாருக்கு எவ்வளவு சொல்வது? பி.கு.: சித்தப்பா பையன் புது கார் எடுத்திருக்கிறான், இலவசமாக எடுத்துத் தரச் சொல்கிறான். மறுத்தால் வீட்டில் பிரச்சினை.

பதில்:

தம்பி, கல்யாண போட்டோவுக்கு ஊருக்கு ஊர் ஓரளவு ரேட் உண்டு. ஊரில் நிறையப் பேர் எடுக்கிறார்கள், கேட்க வருகிறவரும் நாலு இடம் விசாரித்துவிட்டுத்தான் வருவார். கார் படத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, அதனால் அடுத்தவன் எவ்வளவு வாங்குகிறான் என்று இன்ஸ்டாகிராமில் துழாவுவதை இன்றோடு விடுங்கள். அவன் ஐ.டி. சம்பளம் வாங்கிக்கொண்டு சனி ஞாயிறு ஆசைக்கு எடுப்பவனாக இருக்கலாம், அப்பா வீட்டில் வாடகை இல்லாமல் இருக்கலாம். அவன் ரேட்டில் உங்கள் வீட்டு அடுப்பு எரியாது.

நோட்டை எடுத்துக் கணக்கு எழுதுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த சாமான் பட்டியலை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடி, இரண்டு லென்ஸ், ஃபில்டர், இரண்டு லைட், லேப்டாப் எல்லாம் சேர்த்து 4,20,000 ரூபாய். நாலு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 8,750 ரூபாய் தேய்மானம். எடிட்டிங் சாஃப்ட்வேர், ஹார்ட் டிஸ்க், கேமரா இன்ஷூரன்ஸ் மாதம் 2,500. பெட்ரோல் 4,000, போன், நெட் 1,000, ரிப்பேருக்கு ஒதுக்குவது 2,000. ஆகமொத்தம் 18,250. இப்போது உங்கள் வரவு என்ன? ஓனர்களிடமிருந்து 15,000, ஸ்டுடியோவிலிருந்து 8,000, மொத்தம் 23,000. கழித்தால் மாதம் முழுக்க உழைத்ததற்கு நிற்பது 4,750 ரூபாய்.

"இல்லையே அண்ணா, கையில் 13,500 நிற்கிறதே" என்பீர்கள். நிற்கும். அந்த 8,750 ரூபாய் தேய்மானத்தை யாரும் வந்து வசூல் பண்ணுவதில்லை, ஒருநாள் ஷட்டர் போகும்போது மொத்தமாக வசூலாகும். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறீர்கள், அது உங்களுக்கு வருமானம் மாதிரித் தெரிகிறது. நானும் இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன், பாடி மாற்ற வேண்டிய நாளில்தான் புத்தி வந்தது.

வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவச் செலவு, வரி, அவசரத்துக்கு என்று ஒரு 6,750 சேருங்கள். 18,250, 30,000, 6,750. ஆக மாதம் 55,000 வந்தாக வேண்டும். இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள், இனி பேசப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

அடுத்து, உங்களிடம் விற்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். "மாதம் 22 நாள் வேலை" என்கிறீர்கள். எடிட்டிங்குக்குச் சரி, ஷூட்டுக்கு இல்லை. கார் ஓனர் வேலைக்குப் போகிறவர், சனி ஞாயிறுதான் வருவார். அதிலும் நல்ல வெளிச்சம் காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். கோவையில் மேற்கே மலை வேறு. சிறுவாணி ரோட்டுப் பக்கம் போனால் கேலண்டரில் சூரிய அஸ்தமனம் 6.20 என்றிருந்தாலும் அதற்கு வெகு முன்பே மலை வெயிலை வாங்கிவிடும். காலை ஷூட்டுக்கு ஐந்து மணிக்கே காரைக் கழுவி எடுத்துக்கொண்டு வர எத்தனை ஓனருக்கு மனசு வரும்? மழை, கடைசி நேரத்தில் வர முடியாமல் போகிறவர்கள் எல்லாவற்றையும் கழித்தால் மாதத்துக்குப் பத்து நல்ல வெளிச்சம் தேறும். உங்கள் கடையில் இருக்கும் சரக்கு அந்தப் பத்துதான். அதை முழுசாக 1,500, 1,500 என்று விற்றுவிட்டு, செவ்வாய்க்கிழமை மதியம் ஏசி ஷெட்டுக்குள் எடுக்கும் 800 ரூபாய் வேலையைக் குறை சொல்கிறீர்கள்.

அந்த 1,500 ரூபாய் ஷூட் எவ்வளவு நேரம் தின்கிறது என்று ஒரு தடவை கடிகாரம் வைத்துப் பாருங்கள். நான் சென்னையில் ஆரம்பித்த புதிதில் ஒரு கறுப்பு செடான், 2,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு வரச் சொன்னால் மனிதர் வாட்டர் வாஷ் கியூவில் நின்றுவிட்டு ஆறேகாலுக்கு வந்தார். வானம் போய்விட்டது. எதிரில் டீக்கடை. அதன் மூன்று ட்யூப்லைட்டும் நாலு கதவிலும் கோடு கோடாக விழுகிறது, முன் பம்பரில் மஞ்சள் சட்டையோடு நான் நிற்கிறேன். எடுக்கும்போது பிரமாதமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கோடுகளையும் மஞ்சள் சட்டையையும் அழிக்க மட்டும் ஒன்பது மணி நேரம். மணிக்கு 220 ரூபாய், அதுவும் ஷூட்டுக்குப் போய் வந்த நேரத்தைச் சேர்க்காமல். அன்றிலிருந்து ஷூட்டுக்குக் கறுப்பு டி-ஷர்ட் தவிர வேறு போடுவதில்லை.

வெளிச்சம் நன்றாக இருந்தாலும் கார் படம் ஒரு க்ளிக்கில் முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும், ஆனால் விலை சொல்லும்போது மறந்துவிடுகிறீர்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை பானெட்டில் விழும் வானத்தை வெட்டும்படி திருப்பினால் பக்கவாட்டுக் கண்ணாடியில் மரம் வந்து உட்காரும். கண்ணாடிக்குத் திருப்பினால் பானெட் வெளுத்துவிடும். ட்ரைபாடை அசைக்காமல் மூன்று நாலு நிலையில் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். ஓனர் பார்க்கும் ஒரு படத்துக்குள் நாலு படம் இருக்கிறது. இந்த லட்சணத்தில் 1,500 ரூபாய்க்கு 20 எடிட் செய்த படம் தருகிறேன் என்று பேக்கேஜ் போட்டிருக்கிறீர்கள். 20 படத்தை யார் கேட்டார்கள்? ஓனர் இன்ஸ்டாகிராமில் போடப்போவது ஐந்தோ ஆறோ. எட்டு படம் போதும், அதைச் சுத்தமாகக் கொடுங்கள்.

சரி, எண்களுக்கு வருகிறேன், உங்கள் டீட்டெய்லிங் ஸ்டுடியோவிலிருந்தே. அதை விட வேண்டாம். இப்போது என்ன நடக்கிறது என்றால் ஒவ்வொரு கார் ரெடியானதும் கூப்பிடுகிறார்கள், நீங்கள் ஒரு காருக்காகச் சரவணம்பட்டியிலிருந்து ஊரின் அந்தக் கோடிக்கு ஓடுகிறீர்கள், அரை நாள் போய்விடுகிறது, அதனால்தான் 800 ரூபாய் கசக்கிறது. ரேட்டை மாற்றும் முன் விற்கும் அளவை மாற்றுங்கள். "மாதம் இரண்டு நாள், வார நாளில், அரை நாள் வருகிறேன், ஐந்து கார் வரை எடுக்கிறேன், ஒரு விசிட் 5,000 ரூபாய்" என்று சொல்லுங்கள். காருக்கு 200 கூடுகிறது, அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உங்களுக்குப் பத்து பயணம் இரண்டாகக் குறைகிறது. அன்றைக்கு அங்கே மூன்று கார்தான் இருந்தது என்றாலும் 5,000 ரூபாய்தான். உள்ளே ஒரே இடம், ஒரே லைட், கேமரா நிலையைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்துக்கொண்டால் ஐந்து காரும் மதிய சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். மாதம் 10,000, நல்ல வெளிச்சம் ஒன்றுகூடச் செலவாகாமல்.

டீலர் சொல்கிற 12,000 ரூபாய் பார்க்க மோசமில்லை, எனக்குப் பிடிக்காதது "தேவைப்படும்போது" என்ற வார்த்தை. கார் டெலிவரி எப்படி நடக்கும் என்று யோசியுங்கள். அட்சய திருதியை, ஆயுத பூஜை, முகூர்த்த நாட்கள் என்றால் ஷோரூமில் நிற்க இடம் இருக்காது, ஒரே காலையில் வரிசையாகத் துணி விலக்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆடியில் ஈ ஓட்டுவார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆகவே மாதக் கணக்கு பேசினால் ஆயுத பூஜை மாதத்தில் பதினைந்து தடவை கூப்பிடுவார். ஆடி மாதம் "வேலையே இல்லையே தம்பி, பாதி வாங்கிக்கோங்க" என்பார். இதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாதம் ஆறு விசிட், விசிட்டுக்கு நாலு மணி நேரம், 15,000 ரூபாய். ஏழாவது விசிட் முதல் தலா 3,000. இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மாதத் தொகை வரும், ஆடி உட்பட. காருக்கு இவ்வளவு என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், டெலிவரி எடுக்கும் குடும்பம் ராகு காலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் அந்த நேரத்துக்கு யார் காசு தருவார்? படத்தைப் பற்றி இங்கே பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சாவி கைமாறுவது, குடும்பம் காரோடு நிற்பது, அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். படத்தை ஷோரூம் தன் பக்கத்தில் போடுவதற்கு அந்தக் குடும்பத்திடம் சம்மதம் வாங்குவது ஷோரூம் பொறுப்பு என்று மட்டும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ 10,000, டீலர் 15,000. 55,000 ரூபாயில் மிச்சம் 30,000. இதற்குத்தான் உங்கள் பத்து வெளிச்சம். பத்தையும் விற்க வேண்டும் என்றால் 3,000 போதும். ஆனால் நான் 6,000 சொல்லச் சொல்வேன். பாதிப் பேர் போய்விடுவார்கள், போகட்டும். மீதி ஐந்து பேரிடமே 30,000 வந்துவிடும், ஐந்து வெளிச்சம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற ஐந்து இல்லாததால்தான் எட்டு மாதமாக உங்களால் கம்பெனி வேலை தேடிப் போகவோ, உங்களுக்காக ஒரு நல்ல படம் எடுக்கவோ முடியவில்லை. காருக்கே பதினைந்து லட்சம் போட்டவர், அலாய்க்கு ஒரு லட்சம் போட்டவர், படத்துக்கு 6,000 தர மாட்டார் என்று நீங்களாகவே முடிவு பண்ணாதீர்கள். தர மாட்டேன் என்பதை அவரே சொல்லட்டும்.

பேரம் வரும். "அண்ணா பட்ஜெட் 3,500 தான்" என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ரேட்டை மட்டும் குறைக்காமல் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள்: நாலு படம், வார நாள் காலை, இடம் நீங்கள் சொல்வது. அதே வேலைக்கு அதே நாளில் விலை மட்டும் இறங்கினால் முதலில் சொன்னது சும்மா சொன்ன விலை என்று ஆகிவிடும், கார் க்ரூப்பில் செய்தி அன்றைக்கே பரவும். "டேக் பண்றேன், நாலு பேர் வருவாங்க" என்பவரிடம் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அதே ரேட்டைத் திரும்பச் சொல்லுங்கள். அப்படி வரும் நாலு பேரும் அவர் கொடுத்த ரேட்டைக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

ஓடும் காரைப் பக்கத்துக் காரிலிருந்து எடுக்கும் ரோலிங் ஷாட்டை பேக்கேஜில் சேர்க்காதீர்கள், அது தனி ரேட். இன்னொரு கார், நிதானமாக ஓட்டத் தெரிந்த ஒரு ஆள், காலியான ரோடு எல்லாம் வேண்டும். ஓனர் நூறில் போகலாமா என்று துள்ளுவார், வேண்டவே வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஷட்டரை 1/60 நொடியில் வைத்தாலே அந்த நேரத்துக்குள் ரோடு 18 சென்டிமீட்டர் ஓடிவிடும், சக்கரம் சுற்றுவது படத்தில் அழகாகத் தெரியும். டிக்கியைத் திறந்துகொண்டு உட்காருவது, ஜன்னலில் பாதி உடம்பைத் தொங்கவிடுவது எல்லாம் ரீல்ஸில் பார்க்க நன்றாக இருக்கும். உங்களுக்கு 26 வயது.

இப்போது அலாய் வீல் கம்பெனி. இதற்குத்தான் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீங்கள் பெரிதாகக் கோட்டை விடக்கூடிய இடம் இது. படத்துக்கு இவ்வளவு என்று பதில் போட்டுவிடாதீர்கள். முதலில் கேளுங்கள்: எங்கே போடுவீர்கள், எவ்வளவு காலத்துக்கு? வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் படம் வேறு, கேட்டலாக் அடித்து எல்லா டீலருக்கும் அனுப்பும் படம் வேறு, அவினாசி ரோட்டில் ஹோர்டிங்காக நிற்கும் படம் வேறு. எடுக்கிற வேலை ஒன்றுதான், அதை வைத்து அவர்கள் சம்பாதிப்பது ஒன்றில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் உங்கள் பக்கம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு யூடியூபர்கள் "படம் எடுத்தவருக்கே காப்பிரைட்" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும்: ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டபடி எடுத்த புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு கடைக்கு 3,000 ரூபாய்க்கு "பேஸ்புக்குக்குத்தான்" என்று வாயால் பேசி எடுத்துக் கொடுத்த படம், ஆறு மாதம் கழித்துப் பேருந்து நிலையம் எதிரில் இருபதடி அகலத்தில் நின்றது. போய்க் கேட்டேன். "காசு கொடுத்துத்தானே எடுத்தோம்" என்றார் ஓனர். வக்கீல் நண்பரிடம் போனேன், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. அப்படியானால் அவர் சொல்வது சரிதான் என்றார்.

ஆகவே கொட்டேஷனிலேயே எழுதுங்கள்: பதிப்புரிமை என்னிடமே இருக்கும்; கம்பெனிக்கு இன்ன பயன்பாட்டுக்கு, இன்ன காலத்துக்கு உரிமம் தருகிறேன். இரண்டு பக்கமும் கையெழுத்து. காலத்தை எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டையும் எழுதுங்கள்.

ரேட்? உங்கள் நிலையில் நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன். இடம் பார்க்க அரை நாள், ஷூட் ஒரு நாள், எடிட்டிங் இரண்டு நாள், ஆக மூன்றரை நாள். 55,000 ரூபாயை 22 நாளால் வகுத்தால் நாளுக்கு 2,500, அந்தக் கணக்கில் 8,750 ரூபாய்க்குக் கீழே போனால் நீங்கள் கைக்காசு போட்டு அவர்களுக்கு வேலை செய்கிறீர்கள். இது தரைமட்டம், விலை இல்லை. விலை 18,000: ஷூட், 12 படம், வெப்சைட்டிலும் சோஷியல் மீடியாவிலும் ஒரு வருடம். கேட்டலாக் வேண்டுமென்றால் கூடுதலாக 6,000. ஹோர்டிங் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு, ஒரு வருடத்துக்கு 10,000. "எல்லா உரிமையும் எங்களுக்கே, எப்போதைக்கும்" என்றால் மொத்தமாக 45,000. வாட்டர் வாஷ், இடத்துக்கு வாடகை, உதவியாளர் கூலி எல்லாம் அவர்கள் செலவு. ஒரு கார், நாலு டிசைன் என்று மெயிலில் இருக்கிறது. நாலு தடவை சக்கரம் கழற்றி மாட்டும் ஆளும் ஜாக்கியும் அவர்களே கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் போகிற நேரத்தில் நீங்கள் நட்டு முடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

முன்பணம் பாதி, எல்லோரிடமும், ஓனரிடம்கூட. மழை வந்தால் வேறு நாள், முன்பணம் அப்படியே இருக்கும். அவராக வராமல் போனால் முன்பணம் போச்சு. மீதி வந்த பிறகு முழு சைஸ் படம். அதுவரை சின்ன சைஸில் பெயர் போட்டு அனுப்புங்கள். எடிட் செய்யாத ரா ஃபைல் கேட்டால் கொடுப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். சேவைக்கு வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம், நீங்கள் அங்கே போக நாள் இருக்கிறது. சாதாரண பில் போதும். கம்பெனிக்காரர்கள் டிடிஎஸ், அதாவது வருமான வரியில் ஒரு பகுதியை, முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அது தொலைந்த காசு கிடையாது, வருமான வரி இணையதளத்தில் சரிபார்த்து ரிட்டர்ன் போடும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை இன்றைக்கே செய்யுங்கள், இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி வேலை. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. வழக்குக்கெல்லாம் போக மாட்டீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போட்டால் கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆள் உங்கள் பில்லைக் கட்டின் அடியில் தள்ள மாட்டார், இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

பழைய வாடிக்கையாளர்களிடம் ரேட் ஏற்றுவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். விளக்கம் எழுதாதீர்கள், கேமரா விலை ஏறிவிட்டது, பெட்ரோல் ஏறிவிட்டது என்றெல்லாம் ஆரம்பித்தால் அவர் பதிலுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்வார். "அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து ஷூட் 6,000 ரூபாய், எட்டு படம். இந்த மாதத்துக்குள் புக் பண்ணினால் பழைய ரேட்" என்று ஒரு மெசேஜ். இந்த மாதம் கொஞ்சம் கூட்டம் வரும், தாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சித்தப்பா பையன். எடுத்துக் கொடுங்கள், இலவசமாகவே, நல்லபடியாக. ஆனால் புதன்கிழமை வரச் சொல்லுங்கள்.